கேமரா யார் கையில்? வேற்று நாட்டில் சமூக ஆவணப்படம் எடுக்க நான்கு வழிகள்

அகதி முகாம், வெள்ளம் கொண்டுபோன ஊர், ஆள்கடத்தலிலிருந்து மீண்டவர்கள், சுரங்கத்தில் வேலை செய்யும் சிறுவர்கள் என்று ஒரு பொருளை எடுத்துக்கொண்டு வேறொரு நாட்டுக்குப் படமெடுக்கக் கிளம்புகிறவர்கள் முதலில் பேசுவது கேமராவையும் பணத்தையும் பற்றித்தான். அதற்கு முன்பே முடிவாக வேண்டியது ஒன்று உண்டு: படம்பிடிக்கப் போவது யார்? விசா, சுங்கம், காப்பீடு, மொழிபெயர்ப்பு, படத்தில் வருகிறவர்களின் பாதுகாப்பு எல்லாம் இந்த முடிவுக்குப் பின்னால்தான் வரும்.

வழிகள் நான்கு. சொந்தக் குழுவோடு போவது. இயக்குநர் மட்டும் போய், அந்த நாட்டு ஒளிப்பதிவாளரோடும் ஒலிப்பதிவாளரோடும் வேலை செய்வது. இயக்குநர் போகாமல் தொலைவிலிருந்தே நடத்துவது. கதைக்குரிய மக்களே படம்பிடிப்பது. பெரும்பாலான படங்களுக்கு நாங்கள் பரிந்துரைப்பது இரண்டாவது வழியை. ஆனால் செலவு குறையும் என்பதற்காக அதைத் தேர்ந்தெடுத்தால் தவறான இடத்தில் போய் நிற்போம். படம் வெளியான மறுநாள் அந்த ஊரிலேயே இருக்கப்போகிறவர்கள் யார், அவர்களுக்கு என்ன நேரும் என்ற கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சொந்தக் குழுவோடு போவது

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இயக்குநர், ஒளிப்பதிவாளர், ஒலிப்பதிவாளர் என்று மூன்று பேர். ஒரு பயணம் 14 நாள். போக வர 2 நாள். அனுமதிக் கடிதங்களோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க 2 நாள். இடம் பார்க்கவும் மனிதர்களோடு பழகவும் 2 நாள். மழை, சாலை அடைப்பு, வயிற்றுப்போக்கு என்று எப்படியும் 1 நாள் போகும். மிஞ்சுவது 7 நாள். ஒன்றரை ஆண்டில் நான்கு முறை போனாலும் 28 நாள்தான். தீர்ப்பு வரும் நாள், வீடு இடிக்கப்படும் நாள், காணாமல் போனவர் திரும்பி வரும் நாள் எதுவும் அந்த 28 நாளுக்குள் வந்து விழாது. நிகழ்வுகளை எடுக்க முடியாததால், நடந்து முடிந்ததைச் சொல்லும் நேர்காணல்களாகப் படம் நிறைந்துவிடுகிறது. இந்த வழியின் பெரிய குறை இதுதான். நல்ல கேமராவால் இதைச் சரிசெய்ய முடியாது.

கருவிகளைக் கொண்டுபோகும் பாடு தனி. ஏடிஏ கார்னே என்ற சுங்க ஆவணம் இருந்தால் பல நாடுகளில் வரி கட்டாமல் தொழில்முறைக் கருவிகளைத் தற்காலிகமாகக் கொண்டுபோகலாம். வர்த்தக சபைகள் இதை வழங்குகின்றன, ஓராண்டு செல்லும். ஒவ்வொரு பொருளும் வரிசை எண், எடை, மதிப்பு, உற்பத்தியான நாடு ஆகியவற்றோடு பட்டியலில் இருக்க வேண்டும். சிக்கல் வருவது பெரும்பாலும் முத்திரையில்தான். நள்ளிரவு விமானத்துக்கு ஓடும் அவசரத்தில் வெளியேறும் முத்திரை வாங்காமல் வந்துவிட்டால், பொருட்கள் அந்த நாட்டிலேயே தங்கிவிட்டதாகக் கணக்காகும்; மாதங்கள் கழித்து வரியும் அபராதமும் தேடி வரும். நன்றிக்காக ஒரு பழைய லென்ஸை உள்ளூர் நண்பரிடம் கொடுத்துவிட்டு வந்தாலும் இதே கதிதான். கொடுப்பதற்கென்று கொண்டுபோகும் பொருளையும், தீர்ந்துபோகும் பொருளையும் கார்னேயில் சேர்க்கக் கூடாது. கார்னேயை ஏற்காத நாடுகளில் வைப்புத்தொகையோ உத்தரவாதப் பத்திரமோ கேட்பார்கள். அதற்கு உள்ளூர்ச் சுங்க முகவரைப் பல வாரம் முன்பே பிடித்து வைக்க வேண்டும்.

மின்கலங்களுக்கு விமான விதி தெளிவாக இருக்கிறது. 100 வாட்-மணி வரையிலான லித்தியம் மின்கலங்களுக்குத் தனி ஒப்புதல் வேண்டாம். 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதலோடு உதிரியாக இரண்டு. அதற்கு மேல் பயணிகள் விமானத்தில் இடமில்லை. உதிரி மின்கலங்கள் கைப்பையில்தான் வர வேண்டும், முனைகளில் டேப் ஒட்டியிருக்க வேண்டும். கேமராவின் பின்புறம் மாட்டும் 98 வாட்-மணி வி-மவுன்ட் மின்கலம் இவ்வளவு பரவலாக இருப்பதற்குக் காரணம் இதுவே. டிரோனையும் செயற்கைக்கோள் போனையும் அந்த நாட்டு விதியை எழுத்தில் பார்க்காமல் பெட்டியில் வைக்காதீர்கள். எகிப்து, மொராக்கோ போன்ற நாடுகளில் முன் அனுமதி இல்லாத டிரோன் விமான நிலையத்திலேயே பறிபோகும். கூடவே மொத்தக் குழு மீதும் சந்தேகம் விழும்.

விசாவில் சுற்றுலா என்று போட்டுவிட்டுப் போகும் பழக்கம் இன்னும் ஒழியவில்லை. ஊடகப் பணிக்குப் பல நாடுகள் தனி விசா வைத்திருக்கின்றன. அமெரிக்காவின் ஐ விசா அப்படிப்பட்டது. பிடிபட்டால் வெளிநாட்டுக் குழுவை நாடு கடத்துவார்கள், அத்தோடு அவர்கள் பாடு முடிந்தது. வண்டி ஓட்டியவர், மொழிபெயர்த்தவர், வீட்டில் தங்க இடம் கொடுத்தவர் ஆகியோரை விசாரிப்பது அதற்குப் பிறகுதான் தொடங்கும். முகாம்களிலும் இதே எச்சரிக்கை வேண்டும். ஐ.நா. அகதிகள் அமைப்பு சரி என்று சொன்னால் போதும் என்று நினைப்பது தவறு. வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் ரோஹிங்கியா முகாம்களுக்குள் படமெடுக்க அந்த நாட்டு அரசின் அகதிகள் நிவாரண, தாயகம் திரும்புதல் ஆணையரின் அனுமதி வேண்டும். வேறு நாடுகளிலும் பெரும்பாலும் அரசின் கையொப்பம்தான் கடைசிச் சொல்.

இவ்வளவுக்குப் பிறகும் சொந்தக் குழுதான் சரி என்ற சூழல்கள் உண்டு. உள்ளூர் அதிகாரிகளையோ கும்பலையோ அம்பலப்படுத்தும் படத்தில், அந்த மண்ணில் குடும்பம் வைத்திருக்கும் ஒளிப்பதிவாளரை முன்னால் நிறுத்துவது அநியாயம். இனமோதல் நடக்கும் இடத்தில் தலைநகரிலிருந்து வரும் ஒளிப்பதிவாளர் தன் பெயரைச் சொன்ன உடனேயே ஒரு தரப்பினராகிவிடலாம். உள்நாட்டவர் என்றாலே எல்லோரும் நம்புவார்கள் என்று எண்ணக் கூடாது. எந்த மொழி, எந்த இனம், எந்த ஊர் என்று அங்குள்ளவர்கள் உடனே கணித்துவிடுவார்கள்.

இயக்குநர் போவது, குழு அந்த நாட்டினர்

அதே பட்ஜெட்டில் படப்பிடிப்பு நாட்கள் கூடுவது இதன் கண்கூடான நன்மை. விமானக் கட்டணம், தங்குமிடம், கார்னே ஆகியவற்றில் மிஞ்சுவதை நாட்களாக மாற்றிக்கொள்ளலாம். அதைவிட முக்கியமானது, இரண்டு மணி நேர முன்னறிவிப்பில் ஒளிப்பதிவாளர் கிளம்பிப் போக முடிவது. இயக்குநர் தொடக்கத்தில் ஒரு முறை மூன்று வாரம் தங்கி மனிதர்களை அறிந்துகொள்வது, நடுவில் ஒரு முறை, முடிவில் ஒரு முறை என்று மூன்று பயணம். இடையில் நடப்பதையெல்லாம் ஒளிப்பதிவாளர் எடுப்பார். நீண்டகாலப் படத்துக்கு இந்த அமைப்பு பொருந்தும்.

யாரை அமர்த்துகிறோம் என்பதில் சொற்களைச் சரியாகப் பயன்படுத்த வேண்டும். ஃபிக்ஸர் என்பவர் வண்டி, அனுமதி, சந்திப்பு ஏற்பாடுகளைச் செய்கிறவர், நாள் கூலிக்காரர். இணைத் தயாரிப்பாளர் என்பவர் படத்தின் முடிவுகளில் பங்கும் உரிமையும் உள்ளவர். முன்னவரின் கூலியைக் கொடுத்துப் பின்னவரின் வேலையை வாங்குவதுதான் இந்தத் துறையின் பழைய அநீதி. அதனால் படமும் கெடுகிறது. நாள் கூலிக்கு வரும் ஃபிக்ஸருக்கு வேலை சீக்கிரம் முடிய வேண்டும். ஏற்கெனவே தெரிந்த, நன்றாகப் பேசும், முன்பு பல குழுக்களிடம் பேசிய அதே குடும்பத்திடம் அழைத்துப் போவார். அந்தக் குடும்பம் எந்த இடத்தில் அழ வேண்டும் என்பதைப் பழகியிருக்கும். அவர்கள் மேல் குற்றமில்லை. கேட்டவர்கள் எல்லோரும் அதையே கேட்டார்கள்.

ஒப்பந்தத்தில் கட்டாயம் இருக்க வேண்டியவை: நாள் விகிதம், வேலை நேரம், காரணம் சொல்லாமலே ஒரு காட்சியை மறுக்கும் உரிமை, காப்பீடு, பெயர் போடுவதா வேண்டாமா என்று இறுதித் தொகுப்புக்கு முன் அவரே முடிவு செய்யும் வாய்ப்பு. காப்பீட்டில்தான் அதிகம் ஏமாறுகிறோம். சாதாரணப் பயணக் காப்பீடு போர், கலவரம் ஆகியவற்றை விலக்கிவைக்கும். இயக்குநருக்கு எடுத்த சிறப்புக் காப்பீட்டில் உள்ளூர்க் குழுவின் பெயர் தானாகச் சேராது. ஒவ்வொரு பெயரையும் எழுதிச் சேர்த்து, அந்த நாட்டுக் குடிமக்களுக்கு அது செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு தன் உறுப்பினர்களுக்குக் காப்பீட்டு வழியும், ஆபத்தான இடங்களுக்குப் போகிறவர்களுக்குக் குண்டு துளைக்காத உடையும் தலைக்கவசமும் இரவலாகத் தருகிறது. தனித்துப் பணிபுரியும் செய்தியாளர்களுக்கு உதவும் ரோரி பெக் அறக்கட்டளை ஆபத்து மதிப்பீட்டுப் படிவங்களை இலவசமாக வைத்திருக்கிறது. அதை நிரப்பும்போது ஓட்டுநரையும் ஒரு வரிசையில் எழுதுங்கள்.

பெயர் விஷயம் எவ்வளவு பெரியது என்பதற்கு, இந்தோனேசியாவின் 1965 படுகொலைகளைப் பற்றி 2012இல் வந்த ‘தி ஆக்ட் ஆஃப் கில்லிங்’ சான்று. அதன் இணை இயக்குநர் ஒருவரும் உள்நாட்டுக் குழுவினர் பலரும் ‘பெயர் வெளியிடாதவர்’ என்றே திரையில் வருகிறார்கள். நடந்து கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஆன பிறகும் நிலைமை அப்படித்தான் இருந்தது.

தொழில்நுட்பத்தில் ஒரே ஒரு பக்கத்துக்கு அமைப்புத்தாள் எழுதி எல்லோரிடமும் கொடுத்துவிடுங்கள்: ஃபிரேம் வேகம் (விநாடிக்கு எத்தனை படம்), கோடெக் (காட்சியைச் சுருக்கிச் சேமிக்கும் முறை), லாக் வகை (பின்னர் நிறம் திருத்த வசதியாக வெளிறிய நிலையில் பதியும் முறை), வெண்சமநிலை (வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறத்தைச் சரிசெய்வது), ஒலிக்கு 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட், ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாத 60 விநாடி ஒலி. மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் 24 ஃபிரேமில் எடுத்தால் குழல் விளக்குகள் துடிக்கும், ஒவ்வொரு ஃபிரேமிலும் ஒளி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் ஷட்டரை 172.8 பாகைக்கு, அதாவது விநாடியில் 50இல் ஒரு பங்குக்கு மாற்ற வேண்டும். 60 ஹெர்ட்ஸ் நாட்டில் 25 ஃபிரேம் என்றால் 150 பாகை. சிறிய திரையில் இந்தத் துடிப்பு தெரியாது, திரையரங்கில் தெரியும். கம்பியில்லா மைக்கின் அலைவரிசையும் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 600 மெகாஹெர்ட்ஸ் பட்டையின் பெரும்பகுதி 2020க்குப் பிறகு மைக்குகளுக்குக் கிடையாது. மைக்கை அங்கேயே வாடகைக்கு எடுத்தால் இந்தக் கவலை இல்லை.

மொழிபெயர்ப்புக்கு எல்லோரும் ஒதுக்குவதைப் போல இரண்டு மடங்கு ஒதுக்குங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்கி, மொழிபெயர்த்து, நேரக்குறி போட ஒருவருக்கு ஒரு முழு வேலைநாள் ஆகும். 100 மணி நேரப் பதிவில் பேச்சு பாதி என்றால் 50 வேலைநாள். படப்பிடிப்பின்போது உடனிருந்த மொழிபெயர்ப்பாளரையே இதற்கும் வைக்காதீர்கள். நேரில் அவர் கடுமையான சொற்களை மென்மையாக்கியிருப்பார், மக்களின் வட்டார வழக்கைப் பாட நூல் மொழியாக்கியிருப்பார். இரண்டாவது ஆள் கேட்கும்போதுதான் அது தெரியவரும். பாலியல் வன்முறையிலிருந்து மீண்ட பெண்களிடம் பேசும்போது மொழிபெயர்ப்பாளர் மட்டும் பெண்ணாக இருந்தால் போதாது. உடையில் மைக் மாட்டும் ஒலிப்பதிவாளரும் பெண்ணாக இருக்க வேண்டும். உறவினரையோ முகாம் தலைவரையோ மொழிபெயர்க்க வைத்தால், சொல்ல வந்தது வாயிலேயே நின்றுவிடும்.

தொலைவிலிருந்து நடத்துவது

எல்லை மூடப்பட்ட நாடுகளுக்கும், வெளிநாட்டவர் வந்தாலே கண்காணிப்பு வரும் இடங்களுக்கும் இதுதான் வழி. 2007இல் மியான்மரில் துறவிகள் எழுச்சியின்போது மறைந்திருந்து பதிவு செய்த உள்நாட்டுச் செய்தியாளர்களின் காட்சிகளைக் கொண்டே ‘பர்மா விஜே’ 2008இல் உருவானது. அந்தச் செய்தியாளர்களில் சிலர் சிறைக்குப் போனார்கள் என்பதையும் சேர்த்தே அந்தப் படத்தை நினைக்க வேண்டும்.

காட்சிகளை அனுப்புவதில் கணக்கு ஈவிரக்கமில்லாதது. விநாடிக்கு 100 மெகாபிட் வீதத்தில் எடுத்த 4கே காட்சி ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. ஏற்றும் வேகம் 10 மெகாபிட் என்றால் அதை அனுப்ப 10 மணி நேரம், அதுவும் இணைப்பு அறுபடாமல் இருந்தால். 4கே அளவில், தொகுப்புக்கு ஏற்ற உயர்தரக் கோடெக்கான புரோரெஸ் 422 ஹெச்க்யூ என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 330 ஜிபி. அதை இணையத்தில் அனுப்ப நினைக்கவே வேண்டாம். நடைமுறையில் செய்வது இப்படி: 5 மெகாபிட் வீதத்தில் சிறு நகல் எடுத்து (மணிக்குச் சுமார் 2 ஜிபி) அன்றிரவே அனுப்புவது, மூலக் காட்சிகளை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் நகலெடுத்து, இரண்டு வெவ்வேறு ஆட்கள் மூலம், இரண்டு வெவ்வேறு நாட்களில் வெளியே அனுப்புவது. நகலெடுக்கும் மென்பொருள், மூலக் கோப்பிலிருந்தும் நகலிலிருந்தும் கணக்கிடும் சரிபார்ப்புக் குறியீட்டை ஒப்பிட வேண்டும். கோப்புறையை இழுத்துப் போட்டு நகலெடுத்தால் கெட்டுப்போன கோப்பு கண்ணுக்குத் தெரியாது. வெளியே போய்ச் சேர்ந்து, திறந்து பார்த்தாகிவிட்டது என்ற செய்தி வரும்வரை கார்டை அழிக்கக் கூடாது. ஆனால் ஆபத்தான இடத்தில் கார்டை வைத்திருப்பதே ஆபத்து. இந்த இரண்டுக்கும் நடுவே எது முக்கியம் என்று படப்பிடிப்புக்கு முன்பே பேசி எழுதிவைத்துவிட வேண்டும். கார்டைத் தூக்கி எறி என்று சொல்லும் அதிகாரம் களத்தில் இருப்பவருக்கு இருக்கட்டும்.

தொலைவில் இருப்பவருக்குத் தெருவின் இறுக்கம் தெரியாது. திரையைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் அகலமாக ஒன்று எடுங்களேன் என்று கேட்பது எளிது. ஒரு குறிப்பிட்ட ஒளிப்பதிவாளரோடு முன்பு நேரில் வேலை செய்த அனுபவம் இல்லாவிட்டால் இந்த வழியை எடுக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

மக்களே படம்பிடிப்பது

முற்றுகைக்குள், கப்பலுக்குள், தடுப்பு முகாமுக்குள் வேறு யாரும் நுழைய முடியாது. ‘ஃபார் சாமா’ (2019) சிரியாவின் அலெப்போ நகர முற்றுகைக்குள் வாழ்ந்த வாத் அல்-கதேப் பல ஆண்டுகள் எடுத்த காட்சிகளால் ஆனது. அவர் எட்வர்ட் வாட்ஸோடு இணைந்து இயக்கினார். எடுத்தவரே இயக்குநராக இருந்தார் என்பது இங்கே கவனிக்க வேண்டியது. போனைக் கொடுத்து, காட்சியை வாங்கிக்கொண்டு, நன்றி அட்டையில் ஒரு பெயர் போடுவது வேறு.

பொதுவாகக் காட்சியை எடுத்தவருக்கே பதிப்புரிமை. முழு உரிமையையும் எழுதி வாங்காமல், இந்தப் படத்துக்கு மட்டும் பயன்படுத்தும் உரிமையை ஊதியம் கொடுத்து வாங்குங்கள். போனில் எடுப்பதில் முதல் தொல்லை, ஃபிரேம் வேகம் நிலையாக இல்லாமல் மாறிக்கொண்டே போவது. நீண்ட பேச்சில் உதடும் குரலும் மெல்ல விலகும். தொகுப்புக்கு முன் நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வேகத்தைப் பூட்டும் செயலியில் எடுக்கச் சொல்ல வேண்டும். விமானப் பயன்முறை, இடக்குறிப்பு அணைப்பு, வெளிச்சப் பூட்டு, ஒரு சிறிய கம்பி மைக் ஆகிய நான்கையும் பழக்கிக் கொடுத்தால் போதும். சோதனைச்சாவடியில் போனைத் திறக்கச் சொல்வார்கள் என்றால், அனுப்பியதும் அழிக்கும் முறையை முதல் நாளே ஒத்திகை பாருங்கள். குழந்தைகளிடம் கேமரா கொடுக்கும் திட்டங்களில், அவர்கள் எடுத்ததை வைத்து அவர்கள் வீட்டையே உலகுக்குக் காட்டுகிறோம் என்பதை அவர்களும் பெற்றோரும் புரிந்துகொண்டார்களா என்று வெவ்வேறு நாட்களில் மீண்டும் கேட்க வேண்டும்.

பணம் எந்த வழிக்குத் தள்ளுகிறது

தொலைக்காட்சி நிறுவனம் பணம் கொடுத்தால் 52 நிமிடம், தேதி, இசையும் சூழலொலியும் தனியாகப் பிரித்த ஒலித்தடம், திரையில் எழுத்துகள் இல்லாத பிரதி எல்லாம் ஒப்பந்தத்திலேயே வரும். தேதி நெருக்குவதால் சொந்தக் குழுவை அனுப்பும் ஆசை வரும். உரிமை, அவதூறு என்று யாராவது வழக்குப் போட்டால் ஈடுகட்டும் பொறுப்புக் காப்பீடும் கேட்பார்கள். அதற்கு ஒவ்வொரு உள்ளூர்ப் பணியாளரின் உரிமை ஒப்பந்தமும், ஒவ்வொரு பழைய காட்சியின் உரிமமும் தேவை. படப்பிடிப்பு முடிந்து இரண்டு ஆண்டு கழித்து அந்த ஒலிப்பதிவாளரைத் தேடிக் கையெழுத்து வாங்குவதைவிட முதல் நாளே வாங்குவது மேல்.

மானியங்கள் மெதுவாக வரும், ஆனால் உரிமையை இயக்குநரிடமே விடும். ஆம்ஸ்டர்டாம் ஆவணப்பட விழாவான இட்ஃபாவின் பெர்தா நிதி ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா உள்ளிட்ட பகுதிகளின் இயக்குநர்களுக்கானது. அமெரிக்காவின் சன்டான்ஸ் நிறுவனத்தின் ஆவணப்பட நிதியும் உண்டு. உள்நாட்டு இணை இயக்குநர் இருந்தால் இத்தகைய சில கதவுகள் திறக்கும். அதற்காகப் பெயரை மட்டும் ஒட்டவைக்கக் கூடாது. படைப்பு முடிவு யாருடையது என்று தேர்வுக் குழுக்கள் கேட்கின்றன, கேட்கத்தான் வேண்டும்.

தொண்டு நிறுவனத்தின் பணத்தில்தான் நாம் அதிகம் யோசிக்க வேண்டும். முகாமுக்குள் நுழைய வண்டி, பாதுகாவலர், மொழிபெயர்ப்பாளர் எல்லாம் அவர்களிடம் தயாராக இருக்கும், உதவும் மனமும் இருக்கும். ஆனால் அந்த வெள்ளை வண்டியிலிருந்து நீங்கள் இறங்குவதைப் பார்க்கும் தாய்க்கு, பேச மறுத்தால் அரிசி அட்டைக்கு என்னாகும் என்ற பயம் வரும். யாரும் அவரை மிரட்டவில்லை, ஆனாலும் அவர் தந்த ஒப்புதல் சுதந்திரமானது இல்லை. அந்த நிறுவனத்தின் மேல் அவருக்குள்ள குறைகளையும் நீங்கள் கேட்கவே போவதில்லை. முதல் பயணத்துக்கு அவர்கள் உதவியை ஏற்றாலும், ஒப்புதல் பேச்சை வேறொரு நாள், வேறு வண்டியில் போய், நிவாரணத்துக்கும் படத்துக்கும் தொடர்பில்லை என்று சொல்லி நடத்துங்கள். இறுதித் தொகுப்பில் அவர்களுக்கு உரிமை கிடையாது என்பது எழுத்தில் இருக்கட்டும். அதற்கு ஒப்பாதவர்களின் பணத்தை வாங்கினால், எடுப்பது அவர்களின் பிரசாரப் படம் என்று சொல்லியே எடுங்கள். அதுவும் நேர்மையான வேலைதான்.

எந்த வழியானாலும் தப்பாத வேலைகள்

ஒப்புதலை அவர்கள் மொழியில் எழுத வேண்டும், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு கேமராவில் பேசிப் பதிவு செய்ய வேண்டும். கையெழுத்துத் தாள் பிடிபட்டாலே ஆபத்து என்ற இடத்தில் தாளே வேண்டாம்; குரல் பதிவைக் குறியாக்கம் செய்து நாட்டுக்கு வெளியே வைக்கலாம். படம் இணையத்தில் வந்தால் உங்கள் ஊர்க்காரர் கைபேசியிலும் வரும் என்பதை அந்தச் சொற்களிலேயே சொல்லுங்கள். சர்வதேச வெளியீடு என்றால் பலருக்கு எங்கோ தூரத்தில் நடப்பதாகத்தான் தோன்றும்.

முகத்தை மறைப்பதில் மெல்லிய மங்கல் போதாது. நடை, கை, வளையல், சுவர்க் காலண்டர் எல்லாம் ஆளைக் காட்டிக்கொடுக்கும். குரலின் சுருதியை மாற்றியதை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியும், ஆகவே வேறொருவரைப் பேசவைப்பது நல்லது. ‘வெல்கம் டு செச்சினியா’ (2020) வேறொருவரின் முகத்தை டிஜிட்டலாகப் பொருத்தியதால் முகபாவங்கள் உயிரோடு இருந்தன. ஆனால் அதற்கு ஆகும் செலவும் நாட்களும் சிறிய படங்களுக்கு எட்டாது. கேமராவைத் தோளுக்குப் பின்னால் வைத்து, முதலிலிருந்தே முகம் பதிவாகாமல் எடுத்துவிட்டால், மறைக்காத மூலக் காட்சி என்ற ஒன்றே இருக்காது. திருட்டுப் போகவும் வழியில்லை.

தொகுப்பை இறுதியாகப் பூட்டுவதற்கு ஆறு வாரம் முன்பாவது படத்தில் வருகிறவர்களுக்கு அவர்கள் மொழியில் போட்டுக் காட்டுங்கள். அந்தப் பயணத்துக்கும், வேண்டாம் என்று சொல்லும் காட்சியை வெட்டி மறுபடி தொகுப்பதற்கும் ஆகும் நாட்களையும் பணத்தையும் முதல் பட்ஜெட்டிலேயே தனி வரியாக எழுதுங்கள். படம் வெளியான பின் ஓராண்டுக்கு, யாராவது அவசரமாக வீடு மாற வேண்டியிருந்தால் கொடுக்க ஒரு தொகை இன்னொரு வரி. இந்த இரண்டையும் நீக்கினால்தான் பட்ஜெட் நிற்கும் என்றால், படப்பிடிப்பு நாட்களைக் குறையுங்கள்.